அடிக்கடி நிறையும் தொட்டி

“மாடியில என்னம்மா, யானையைக் கட்டிவெச்சுக் குளிப்பாட்டுறீங்களா?”

கழிவுநீர் லாரியிலிருந்து இறங்கிய கையோடு டிரைவர் கேட்ட கேள்விக்கு, மாடியில் குடியிருப்பவள் தடதடவென்று படியிறங்கி வந்தாள்.

போன தடவையே அவர் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். செப்டிக் டேங்க் மறுபடியும் இவ்வளவு சீக்கிரம் ரொம்பினால், மாடியைக் காலி செய்யச் சொல்வதைத் தவிர வீட்டுக்காரருக்கு வேறு வழியில்லை என்று. இதோ, மூடியின் விளிம்பில் மறுபடியும் தண்ணீர் கசிந்து நிற்கிறது.

கணவனுக்கு வெளியூரில் வேலை. பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது. இந்த நேரத்தில் மூட்டை முடிச்சோடு எந்தத் தெருவில் போய் நிற்பாள்? குடிவந்த நாளிலிருந்தே அந்தப் பயம்தான். பிள்ளைகளுக்குக் காக்காய்க் குளியல்தான். துணி அலசிய தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றி ஊற்றி, அது நுரையாகவே பூக்கத் தொடங்கியிருந்தது. யாராவது குழாயைத் திறந்தால் போதும், ஏழு கடலும் அந்தத் தொட்டிக்குள் இறங்குவதுபோல அலறிக்கொண்டு ஓடினாள். அப்படியும் தொட்டி நிறைந்தது.

“சத்தியமா இல்லைங்க. தண்ணியை மருந்து மாதிரி அளந்துதான் ஊத்துறோம்.”

டிரைவர் கடப்பாரையை எடுத்தார்.

கீழ் வீட்டில் தனியாக இருக்கும் வீட்டுக்காரப் பெரியவர், கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மற்ற நாட்களில் ஓட்டை விழுந்த பனியனோடு திரிபவர், லாரி வரும் நாளில் மட்டும் மழமழவென்று சவரம் செய்து, மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொள்வார். மந்திரியே வந்தாலும் அவர் அப்படி நிமிர்ந்து உட்கார மாட்டார். ஆனால் டிரைவரோடு ஒரு வார்த்தை நேரடியாகப் பேசுவதில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, அவளிடம்தான் பேசுவார்.

“மூக்கு வாயை மறைச்சுத் துணி கட்டிக்கச் சொல்லும்மா. குனிஞ்சு உள்ளே எட்டிப் பார்க்க வேணாம்னு சொல்லு. விஷவாயு அடிக்கும்.”

“துணி கட்டிக்கணுமாம். எட்டிப் பார்க்க வேணாமாம்,” என்றாள் அவள்.

“என் தொழில் எனக்குத் தெரியும்னு சொல்லுங்கம்மா.”

“அவர் தொழில் அவருக்குத் தெரியுமாம் ஐயா.”

இரண்டு பேரும் கை நீட்டினால் தொட்டுக்கொள்ளும் தூரம். நடுவில் தபால்பெட்டி மாதிரி இவள். அழுக்கில் இறங்குகிறவனோடு பேசினால் வாய் அழுகிவிடுமா, அப்படி என்ன வறட்டுக் கௌரவம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாடகைக்கு இருப்பவள் வாயைத் திறக்க முடியுமா?

மூடி நகர்ந்த சத்தத்துக்கே தெருவின் ஜன்னல்கள் எல்லாம் பட் பட்டென்று சாத்திக்கொண்டன. காக்கைகூட மதிலைவிட்டுப் பறந்தது. அவளும் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். ஆனால் பயந்த அளவுக்கு நாற்றம் வரவில்லை.

டிரைவர் நீளக் கழியை உள்ளே விட்டுத் துழாவினார். வெளியே எடுத்து நுனியைப் பார்த்தார். முகம் கறுத்தது.

“என்னம்மா விளையாட்டு இது? மேலே ஏடு கட்டல. அடியிலே கசடும் இல்ல. அத்தனையும் பச்சைத் தண்ணி. யாரோ தோட்டத்து ஹோஸை உள்ளே விட்டு ரொப்பியிருக்காங்க.”

“ஐயோ, என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்குவேனா? தொட்டி ரொம்பினா வீட்டைவிட்டுப் போகப்போறவ நான்தானே!”

டிரைவர் அவளையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, நாற்காலியைப் பார்த்தார். பெரியவர் சுவரைப் பார்த்தார்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“ஐயா, நாங்க பிடிக்கலேன்னா, போங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. குழந்தைங்களைக் குளிக்கக்கூட விடாம அழ வெச்சேனே. எதுக்குங்க இந்த வேலை?”

பெரியவர் மடிப்புக் கலையாத சட்டையின் கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

டிரைவர் மூடியை இழுத்து மூடினார். இறக்கிவைத்திருந்த உறிஞ்சுகுழாயைச் சுற்றி லாரியில் மாட்டினார்.

“இப்படித் தண்ணியை விட்டா, கசடைத் தின்னுற கிருமியெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிடும். தொட்டியே கெட்டுப்போகும். அவர்கிட்ட சொல்லுங்க. நல்லா நடக்கிற தொட்டிக்கு வருஷக்கணக்கா வண்டி தேவையே இல்ல. இனிமே இந்த வீட்டுக்கு நான் வரமாட்டேன். அதையும் சொல்லிடுங்க.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் திரும்பினாள். “ஐயா, இனிமே அவர்...”

“எனக்குக் காது கேட்குதும்மா.”

பெரியவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. காலில் செருப்பில்லாமல், ஈரத்தை மிதித்துக்கொண்டு போய், லாரியின் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். டிரைவர் இஞ்சினை முடுக்கினார். அந்தச் சத்தத்தில் கொல்லைப்புறமே ஆடியது. பெரியவர் பிடியை விடவில்லை.

“அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. அவ எங்கேயும் போக வேணாம். நான்தான் ரொப்பினேன்.”

அவர் டிரைவரின் முகத்தைப் பார்த்துப் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. டிரைவர் சாவியைத் திருப்பினார். இஞ்சின் அடங்கியது.

“தொட்டி ரொம்பலேன்னா,” என்றார் பெரியவர், “இந்த வண்டியை வாங்கின அன்னிக்கே வாசப்படி ஏறாதேன்னு துரத்திவிட்ட அப்பனைப் பார்க்க, நீ வருவியாடா?”