வெள்ளைக் காரின் முறை

அந்த வெள்ளைக் கார்க்காரர் மூன்றாவது நாளாக அதையே செய்தார்.

காலை ஆறு மணிக்கே வந்து வரிசையில் நின்றார். எஞ்சினைப் போடாமல் காரைத் தள்ளித் தள்ளியே மூன்று மணி நேரத்தில் பம்ப் அருகே வந்து சேர்ந்தார். வந்ததும் காரை ஓரங்கட்டினார். பின்னால் நடந்துபோய், வரிசையின் கடைசியில் நின்ற ஒருவரைத் தன் இடத்துக்கு அனுப்பினார். ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடப் போடாமல் கிளம்பிவிட்டார்.

பெட்ரோல் போடுகிறவளின் மண்டையை இது குடைந்தது. சுத்திகரிப்பு ஆலை பழுதாகிப் பத்து நாள். ஆளுக்கு ஐந்து லிட்டர்தான் என்பது உத்தரவு. அதற்கு மேல் ஒரு துளி கொடுக்காததால் அவளுக்குக் ‘கறார்’ என்றே பெயர்.

“கறாரு, அவரு வரிசையில இடத்தை விக்கிறாரு,” என்றார் டயருக்குக் காற்று அடிக்கிற அண்ணன்.

“காசு கை மாறினதைப் பாத்தீங்களா?”

“நாம பாக்கிற மாதிரியா வாங்குவாங்க?”

நான்காம் நாள் அவர் விட்ட இடத்துக்கு ஒரு நர்ஸ் ஸ்கூட்டரில் வந்தாள்.

“இந்த இடத்துக்கு எவ்வளவு கேட்டார்?” கறார் மெதுவாக விசாரித்தாள்.

“ஒண்ணும் கேக்கலையே. டியூட்டிக்கு நேரமாச்சான்னுதான் கேட்டார்.”

கறாருக்கு முகம் சுருங்கிவிட்டது. குழாயை மாட்டிவிட்டு, ஓரங்கட்டிய காரில் ஏறப்போன அவரிடம் நேரே போனாள்.

“மன்னிச்சிடுங்க சார். உங்களைத் தப்பா நெனச்சிட்டேன். யாரு என்னன்னே தெரியாதவங்களுக்காக இப்படிக் கால் கடுக்க நிக்கிறீங்களே, பெரிய மனசு சார்.”

“அதெல்லாம் இல்லம்மா.” அவர் வரிசையைப் பார்த்தார். அது தெருமுனை தாண்டி வளைந்து போயிருந்தது. “ரெண்டு வருஷம் முன்னாடி ஆலையில ரெண்டு யூனிட் இருந்துச்சு. ஒண்ணு ஓடும். இன்னொண்ணு சும்மா நிக்கும்.”

“ஓடுறது படுத்துக்கிட்டா, சும்மா நிக்கிறதை ஓட்டலாம்?”

“ஆமா. அது இருந்திருந்தா இந்த வரிசையே இருக்காது.”

“அதை எந்தப் புத்திசாலி சார் மூடினது?”

அவர் திறந்த கார்க் கதவைச் சாத்தினார்.

“அப்போ அங்க மேனேஜரா இருந்தவன். அது தண்டமா நிக்குதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தாம்மா.”