கழுத்துக்குக் கீழே

ஹாலந்தின் லெய்டன் நகரில் செப்புத் தகட்டில் படம் செதுக்கி, அச்சிட்டு விற்கும் யோரிஸின் கடைக்கு வந்த மாக்டெல்ட், பேராசிரியர் ரோம்பாட்ஸின் படத்தைக் கேட்டாள்.

யோரிஸ் பெருமையோடு எடுத்து விரித்தார். “நெத்தியிலேயே அறிவு தெரியுது பாருங்கம்மா. ரோமம் வச்ச அங்கி, கைக்கடியில தடிப் புத்தகம். பார்த்தாலே தொப்பியைக் கழட்டத் தோணும்.”

“முகத்தை வெட்டிட்டு, கழுத்துக்குக் கீழே மட்டும் குடுங்க.”

“முகம் இல்லாத படத்தை வச்சு என்னம்மா செய்வீங்க?”

“அந்தக் கை என் வீட்டுக்காரரோடது. சுண்டு விரல் வளைஞ்சிருக்கு பாருங்க.”

யோரிஸுக்குப் புரிந்தது. நான்கு வருடங்களுக்கு முன் அந்தத் தகட்டில் இருந்தவர் பேராசிரியர் எவர்ட். மதத்துக்கு விரோதமாக எழுதினார் என்று அவரை வேலையிலிருந்து விலக்கி, அவர் படங்களையும் தேடித் தேடி எரித்தார்கள். செம்பு வீணாகக் கூடாதென்று யோரிஸ்தான் முகத்தை மட்டும் சுரண்டிவிட்டு, அவர் பதவிக்கு வந்த ரோம்பாட்ஸின் முகத்தை அங்கே செதுக்கினார்.

“போன மாசம் அவர் தவறிட்டார். வீட்டுல ஒரு படம்கூட இல்ல,” என்றாள் மாக்டெல்ட். “நீங்க செதுக்கின முகம்தானே. மறுபடி வரைஞ்சு தர முடியுமா?”

யோரிஸ் கண்ணை மூடி யோசித்தார். எவ்வளவு யோசித்தும் ரோம்பாட்ஸின் முகம்தான் வந்தது.

கத்தரிக்கோலை எடுத்து, கழுத்தோரமாக வெட்டத் தொடங்கினார்.