ஒரு நாள் வித்தியாசம்

தலைமையாசிரியை செண்பகவடிவுக்கு மூன்று வருடமாகச் சோறு இறங்கவில்லை. காரணம், எதிர்ப் பள்ளித் தலைமையாசிரியை ஆவுடைத்தங்கத்தின் வாசல் பலகை. கர்ப்பம் என்று தெரிந்த மாணவி எவளும் படியேறாத நாட்களை எல்லாப் பள்ளி வாசலிலும் பலகைகள் தாமாகவே எண்ணிக்கொண்டிருந்தன. அங்கே 2,999. இங்கே 2,998. அந்த ஒரு நாளுக்காகச் செண்பகவடிவு விட்ட பெருமூச்சில் தெரு வேப்பமரமே கருகிப்போயிருந்தது.

அன்று காலை வாசலுக்கு வெளியே பன்னிரண்டாம் வகுப்புப் பெண் மதிவதனி டிசியோடு நின்றாள்.

“எனக்கு அஞ்சு மாசம் டீச்சர். ஆவுடை மிஸ் நேத்தே டிசி குடுத்துட்டாங்க. பரீட்சை மட்டும் எழுதிக்கிடுதேன்.”

“அவ போர்டு இப்படித்தான் ஏறுதா?”

“எனக்கு முன்னால ஆறு பேர் டீச்சர்.”

மூவாயிரத்தைத் தொட்டால் மந்திரி கையால் கேடயம். செண்பகவடிவு தன் பலகையை ஏக்கத்தோடு ஒரு தடவை பார்த்துவிட்டு, மதிவதனியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். ஏழு தெருவுக்குக் கேட்கும்படி சங்கு ஊதிப் பலகை பூஜ்யத்துக்கு விழுந்தது. எதிர் வாசலில் ஆவுடைத்தங்கம் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள். செண்பகவடிவு மதிவதனி பக்கம் திரும்பினாள்.

“ஏட்டி, அவ பள்ளிக்கூடத்து முதல் மார்க்கைவிட ஒரே ஒரு மார்க் கூட வாங்கு. போதும். அந்த ஒண்ணு என்ன பாடு படுத்தும்னு எனக்குத் தெரியும்.”