மண்ணுக்குப் போடும் தீனி

மருந்து ஆலைக்குப் பின்னால் கழிவுமண்ணைக் கிளறுவது ஜெபக்கனிக்கு வேலை. அந்த மண்ணில் வளர்த்த பாக்டீரியாக்கள் ஆன்டிபயாடிக் கழிவைத் தின்றே வாழ்ந்தன. கழிவு குறைந்தால் காலாவதியான மாத்திரைகளைப் பொடித்துத் தூவுவார்கள். மண்வெட்டி காலைக் கிழித்தபோது, அங்கே எல்லோரும் செய்வதுபோல அவளும் அந்தப் பொடியையே காயத்தில் அப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் பாதம் பழுப்பாகக் குழைந்து நாறியது. அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள்.

"ஊசி போடுங்க டாக்டர்."

"போட்டா புண்ணுல இருக்கற கிருமிக்கு விருந்துதாம்மா. பாதத்தை எடுத்தாகணும்."

அவள் அழுதுகொண்டிருக்கையில் ஆலை மேற்பார்வையாளர் மூடிபோட்ட வாளியோடு வந்தார். பழம் வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்தாள். வாளி காலியாக இருந்தது.

"எடுத்ததைக் குப்பையில போட்டுறாதீங்க டாக்டர்," என்றார். "எங்க மண்ணுல இருக்கறதைவிட இது வேகமா திங்குது."