கம்பு பிடுங்கி

"மறுபடியும் பிடுங்கிட்டான்!"

கையுறையைக் கழற்றி மேஜையில் அடித்தான் சைமியன். அவன் மனைவி டெய்சி அடுப்பிலிருந்து திரும்பக்கூட இல்லை. இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

அணைக்குப் பின்னால் உறைந்து கிடக்கும் ஏரியின் மேல், அக்கரைக்கு நேராக, வழி அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டிய கம்புகளை நட்டு வைப்பான். விடிந்து பார்த்தால் அத்தனையும் கரையேறி, காட்டுக்குள் வளைந்து வளைந்து நிற்கும். அப்படிச் சுற்றிப் போனால் பாதிப் பகல் காலி. அக்கரையில் பீவர் பிடிக்க வைத்த பொறிகளை எப்போது பார்ப்பது? பீவர் இல்லையென்றால் வீட்டில் மறுபடியும் கடைக் கோழிதான்.

"வண்டித் தடம் உன் தம்பி வீட்டு வாசல்ல போய் நிக்குது."

"க்ளிஃபர்டா? அவன் எதுக்கு..."

"அணைக்காரன் சம்பளம் வாங்குறான்ல? ஆத்தை மறிச்சு எங்கப்பா வேட்டையாடின இடத்தையெல்லாம் முழுகடிச்சானுங்க. இவன் மிச்ச வழியையும் அடைக்கிறான். மத்தியானம் ஊர் ரேடியோவுல பேரைச் சொல்லி மானத்தை வாங்குறேன் பாரு. நேரம்கூடக் கேட்டு வாங்கிட்டேன்."

ஏரிக்குப் போகிற வழியில் மச்சான் வீட்டுக் கதவை இடித்தான். க்ளிஃபர்டுக்கு அணையின் மதகு அறையில் வேலை.

"டேய், கம்பு பிடுங்கி!"

"வாங்க மச்சான். சுத்திப் போனா உங்க தொப்பை குறையுமேன்னுதான்."

"பல்லைக் காட்டாதே. ஏன் பிடுங்கினே?"

க்ளிஃபர்ட் தரையைப் பார்த்தான். "அதை மட்டும் கேட்காதீங்க."

"சரி, மதகை எப்போ திறப்பீங்கன்னாவது சொல்லித் தொலையேன்."

"வெளியே மூச்சு விட்டா வேலை போயிடும் மச்சான். அணைக்காரன் கையெழுத்து வாங்கியிருக்கான். ரெண்டு குழந்தை இருக்கு எனக்கு."

"தூ! உன்கிட்டப் பேசுறதே தண்டம்."

"நேரா மட்டும் போகாதீங்க."

"பிறந்ததுலேர்ந்து ஐஸ் மேல நடக்கிறவன்டா நான். இந்த வாரக் குளிருக்கு யானையையே தாங்கும். நீ எனக்குச் சொல்லித் தரியா?"

வீம்புக்கு நேராகவே போனான். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், பாறைத் திட்டுகளுக்கு நடுவே பனி வண்டியை நிறுத்தினான். கம்பு நடுவதற்காகக் கடப்பாரையால் ஐஸைக் குத்தினான்.

ஓட்டை விழுந்தது. தண்ணீர் பொங்கி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இன்னொரு குத்து. கடப்பாரை கை நழுவி உள்ளே போனது. சத்தமே இல்லை.

பிறகு, எங்கோ ஆழத்தில், "தொபுக்".

சைமியனுக்கு அப்போதுதான் புரிந்தது. குளிர் ஏறினால் ஐஸ் கெட்டிப்படும், அது அப்பா காலத்துக் கணக்கு. இப்போது குளிர் ஏறினால் தெற்கே நகரமெல்லாம் ஹீட்டர் போடும், அந்த மின்சாரத்துக்காக இங்கே மதகு திறக்கும். அடியில் தண்ணீர் இறங்கிவிட்டது. பாறைகளைப் பிடித்துக்கொண்டு ஐஸ் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. அதன் மேல் அவன் நிற்கிறான்.

வண்டியை அப்படியே விட்டுவிட்டு, வந்த தடத்திலேயே வயிற்றால் ஊர்ந்து திரும்பினான். கரையேறியதும் முதலில் கைக்கு அகப்பட்டது, க்ளிஃபர்ட் நட்ட கம்பு. மூச்சு அடங்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மத்தியானம் ஊரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

"கம்பைப் பிடுங்கினது யார்னு கண்டுபிடிச்சிட்டேன்" என்றான் சைமியன். தொண்டையைச் செருமிக்கொண்டான். "காத்துதான். பொல்லாத காத்து. அது எங்கே நட்டு வைக்குதோ, அந்த வழியாவே எல்லாரும் போங்க. குறுக்கே யாரும் போகாதீங்க. அவ்வளவுதான்."

ரேடியோக்காரி மைக்கை அணைத்தாள்.

"ஏங்க, அம்பது கம்பைப் பிடுங்கி, துணி கலையாம வரிசையா நடுற காத்தா?"

"ஆமாம்மா" என்று எழுந்தான் சைமியன். "அந்தக் காத்துக்கும் ரெண்டு குழந்தை இருக்கு."