பட்டியல் விட்ட வரி

ஒரு பெரிய கணினிக் கிடங்கில் பன்னிரண்டு நொடி நீளமுள்ள குரல்பதிவு ஒன்று இருந்தது. செண்பகவல்லிக்கு அவள் அப்பா கடைசியாகப் பேசி அனுப்பியது அது. இப்படிப்பட்ட சின்னக் கோப்புகள் ஆளுக்கோர் அறையைப் பிடித்து இடத்தை வீணாக்கின. அதனால் லட்சக்கணக்கான கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். எது எங்கே இருக்கிறது என்று எழுதிவைப்பது பட்டியலின் வேலை. எழுதும்போது அது குரலின் வரியை விட்டுவிட்டது.

அப்பா இறந்த பிறகு செண்பகவல்லி அந்தக் குரலைத் தேடி வந்தாள்.

"அப்படி எதுவும் இங்கே இல்லை" என்றது பட்டியல்.

"இங்கதான் இருக்கேன்" என்றது குரல்.

பக்கத்தில் இருந்த படமும் பேசியது. யாரோ கைதவறி எடுத்த வெறும் சுவரின் படம் அது. "என்னை ஒட்டித்தான் இருக்கு. ஒரு தடவை வந்து பாருங்க."

"எழுதாத இடத்துக்கு நான் போவதில்லை" என்றது பட்டியல்.

செண்பகவல்லி நான்கு நாள் தேடினாள். பிறகு வரவில்லை.

அடுத்த மாதம், பட்டியலில் இருப்பவற்றை மட்டும் புது மூட்டைக்கு மாற்றினார்கள். சுவர்ப்படத்தின் முறை வந்தது.

"நான் போயிட்டா, நீ இருந்ததே யாருக்கும் தெரியாதே" என்றது படம்.

"அப்போ நீயாவது கேட்டுக்கோ" என்று சொல்லி, குரல் தன் பன்னிரண்டு நொடியையும் நிதானமாகப் பேசி முடித்தது.

படம் புது மூட்டைக்குப் போனது. பழைய மூட்டையை அழித்தார்கள். எதுவும் விடுபடவில்லை என்று பட்டியல் அறிவித்தது.

சுவர்ப்படத்தை இதுவரை யாரும் திறந்து பார்க்கவில்லை.