வீட்டம்மாவின் வாக்குமூலம்

"உங்க வீட்டுக்காரர் இல்லாத நேரமாப் பாத்துத்தான் வந்தேன்," என்றார் வாசலில் நின்றவர். சொன்னதோடு, உள்ளே வாருங்கள் என்று அவள் அழைக்கும் முன்பே வந்து கதவையும் சாத்தினார்.

அவள் பதறவில்லை. இப்படி ஓர் ஆள் வருவார் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான்.

நகராட்சி ஆணையர் நாற்காலி என்றால் சும்மாவா? அதில் உட்காரப் போகிறவனின் கை சுத்தமா, நடத்தை சுத்தமா என்று துருவித் துருவிப் பார்த்த பிறகுதான் அரசாங்கம் உத்தரவு போடும். முதலில் அலுவலகத்தில் விசாரிப்பார்கள், அப்புறம் அக்கம்பக்கத்தில், கடைசியாக வீட்டில். வீட்டுக்கு மட்டும், அவன் இல்லாத நேரத்தில் வந்து மனைவியைத் தனியாக வைத்துக் கேட்பார்கள்.

இதெல்லாம் தெரியாதவனா அவள் புருஷன்? சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல அவளைப் பதில் ஒப்பிக்கச் சொன்னான். தடுமாறினால் கிடைக்க வேண்டியது கிடைத்தது. அதனால் எல்லாம் நன்றாகவே மனப்பாடமாகியிருந்தது.

"உட்காருங்க சார். காபி கொண்டு வரட்டுமா?"

"வேண்டாம்மா. விசாரிக்கப் போற வீட்ல நாங்க பச்சத்தண்ணிகூடக் குடிக்கக் கூடாது." குடையைச் சோபாவின் ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். "சொல்லுங்க. சார் யார்கிட்டயாவது எதாவது வாங்கியிருக்காரா?"

"யாராவது பேனா குடுத்தாக்கூடத் திருப்பி அனுப்பிடுவாரு சார்."

"கோவம் வருமா?"

"அவருக்கா? வீட்ல சத்தமாக்கூடப் பேச மாட்டாரு."

"உங்களை எப்படி வெச்சிருக்காரு?"

"தங்கமா வெச்சிருக்காரு." ஒரு எழுத்துப் பிசகவில்லை. அவன் கேட்டிருந்தால் உச்சி குளிர்ந்திருப்பான்.

வந்தவர் தலையாட்டவில்லை. அவளுடைய இடது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப் பிரித்தும் வீக்கம் வடியாத மணிக்கட்டு. அவள் கையை மெல்லப் பின்னால் கொண்டுபோனாள்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு டாக்டரிடம் புருஷன் சொன்ன அதே வார்த்தை. ஆஸ்பத்திரி வரைக்கும் போய் விசாரித்துவிட்டு வந்திருக்கிறாரே மனுஷன்!

"ஆமா சார்... தரையில தண்ணி..."

"ஏம்மா, ஒரே பாத்ரூம்ல ஒரு ஆளு எத்தனை தடவைதான் வழுக்கி விழ முடியும்?" அவர் குரல் இறங்கியது. "நானும் கூடப் பொறந்தவங்களோட வளந்தவன்தான். உங்க அண்ணன்கிட்ட சொல்றதா நெனச்சுச் சொல்லுங்க. உங்க பேரு வெளிய வராது. அதுக்கு நான் பொறுப்பு."

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. பெற்ற தாயிடம் சொன்னபோது, "அவ்வளவு பெரிய மனுஷன் கை ஓங்குவாரா? நீ வாயை அடக்கு," என்று இவள் வாயைத்தான் அடைத்தாள். ஊரே உத்தமன் என்று கொண்டாடுகிறவனைப் பற்றி இவள் சொல்லி எவர் நம்பப்போகிறார்? ஆனால் அரசாங்கமே ஆள் அனுப்பிக் கேட்டுத் தெரிந்துகொண்டால் நம்பித்தானே ஆக வேண்டும்.

கொட்டித் தீர்த்தாள். பெல்ட்டைச் சொன்னாள், இஸ்திரிப் பெட்டியைச் சொன்னாள், கதவிடுக்கில் வைத்து நசுக்கிய இந்தக் கையைச் சொன்னாள். குறுக்கே வந்து விழுந்த மகளை அவன் சுவரில் மோதியதைச் சொன்னபோது மட்டும் குரல் உடைந்தது. மனப்பாடம் செய்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை.

அவர் உச்சுக்கொட்டினார். "பாவம்மா நீங்க. இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி? எதாவது யோசிச்சு வெச்சிருக்கீங்களா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, இவ்வளவு சொல்லியாயிற்று, இதற்கு என்ன என்று தோன்றியது.

"பொண்ணுக்குப் பரீட்சை முடிஞ்சதும் அவளைக் கூட்டிக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன் சார். அவருக்குத் தெரியாது. பெட்டிகூடக் கட்டி கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கேன்."

"நல்ல முடிவு. அதுவரைக்கும் மூச்சு விடாதீங்க." அவர் எழுந்துகொண்டார். "இனிமே நாங்க பாத்துக்கிறோம்."

அவர் போனதும் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தபோது, பாவம், அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. அந்த நாற்காலி கிடைக்காவிட்டால் அவன் கொட்டம் அடங்கும். ஏன் என்று ஊர் கேட்கும். அப்போது அம்மாவும் கேட்பாள்.

கூடத்துக்கு வந்தாள். சோபாவின் ஓரத்தில் குடை அப்படியே இருந்தது. வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு நல்ல மனுஷன் நனைந்துகொண்டா போக வேண்டும்? குடையை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் படியிறங்கினாள்.

கீழ்ப்படிக்கட்டில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தார் அவர். முதுகு இவள் பக்கம், போன் காதில். 'சார்' என்று கூப்பிட அவள் வாயெடுத்தாள்.

"அண்ணே, அண்ணி ஒண்ணுவிடாம சொல்லிட்டாங்க. நல்லவேளை, நிஜ ஆபீசர் நாளைக்குத்தான் வர்றாரு!"